செவ்வாய்க்கிழமைத் திருத்தம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து புகை. கண் எரிச்சல். பால்கனியில் காயப்போட்ட துணியில் கரி வாசனை. மறுபடி அலச வேண்டும். டெல்லி கிட்வாய் நகர் முழுக்க இதே கதை.

ஆபீஸ். டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பயிற்சி நிலையத்தின் வெப்சைட்டைப் பிரித்து எழுத வேண்டும். பதினோரு வருடமாக நான் ஒருத்தி கட்டி மேய்க்கிற நாற்பது பக்கங்கள். அறிவிப்பின் வாசகமும், அதை எந்தத் தேதியில் காட்டுவது என்கிற புரோகிராமும் ஒரே கோப்பில், சாம்பாரில் கரைந்த புளி மாதிரி. ஒரு நேரத்தை மாற்ற வேண்டுமானாலும் என்னிடம்தான் வர வேண்டும். "ஏக் லைன் கே லியே சப் லோக் ஆப்கே பாஸ் க்யோன் ஆத்தே ஹைன், மேடம்?" ஒரு வரிக்காக எல்லோரும் என்னிடம் ஏன் வர வேண்டும் என்கிறார். நியாயம். மூன்று வருடம் முன்பு நானே நோட் எழுதிக் கேட்டதுதான்.

இனி: வாசகம் எக்ஸ்.எம்.எல். கோப்பில். புரோகிராம் தனி. தோற்றம் தனி. வாசகத்தை அந்தந்த செக்‌ஷனே மாற்றிக்கொள்ளும். கெடு 14-ஆம் தேதி.

3.40. சண்முகவேல் சார் வந்தார். மூன்றாம் மாடி, விடுதி செக்‌ஷன் சூப்பரின்டெண்ட். திருநெல்வேலிக்காரர். மனைவி இறந்த பிறகு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தனியாக. செவ்வாய்தோறும் விடுதி அறிவிப்பில் ஏதாவது திருத்தம், ஒரு சீட்டில். இன்றைக்கு: "வண்டி நிறுத்துத வரிய கேன்டீன் வரிக்கு மேல போட்ருங்க மேடம். ஒருத்தன் கண்ணுலயும் பட மாட்டேங்கு." போட்டேன். பிறகு டீ. மலை மந்திர் முருகன் கோயில் படி, அவர் முட்டி வலி, என் ஈரோட்டுப் பேச்சில் உள்ள 'ங்க' எத்தனை என்று கிண்டல். முக்கால் மணி நேரம்.

புது வேலையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஒன்பது பக்கம் முடிந்தது. வேலை பிடித்திருக்கிறது, மறைப்பானேன். வாசகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரோகிராமுக்குத் தெரியவே கூடாது. இது தலைப்பு, இது தேதி, இது வரி என்கிற குறி போதும். சுத்தமாக இருக்கிறது.

பையன் போன், பெங்களூரிலிருந்து. "அம்மா, மீட்டிங் மே ஹூன், பாத் மே." டெல்லியில் வளர்ந்தவன், அவசரத்தில் ஹிந்திதான் வரும். மீட்டிங்காம், பிறகு பேசுவானாம். அந்தப் 'பிறகு' வரவில்லை.

வீட்டுக்காரர் விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி இரண்டு வருடம். தினம் காலை எட்டுக்கு போன். சாப்டியா, சாப்டேன். நாலு நிமிஷம்.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

ஐ.என்.ஏ. மார்க்கெட். இட்லி அரிசி, உளுந்து, அப்பளம், நேந்திரம் சிப்ஸ். முருங்கைக்காய் வாடல், வாங்கவில்லை.

இன்று நான் வாய்விட்டுப் பேசியது: "பையா, டேட் கிலோ." "ஜல்தி கரோ." "தைலி நஹி சாஹியே." ஒன்றரைக் கிலோ, சீக்கிரம், பை வேண்டாம். அவ்வளவுதான். காலை நாலு நிமிஷம் போக, தமிழில் ஒரு சொல் இல்லை. டி.வி.யிடம் ஏதோ சொன்னேன், அது கணக்கில் சேராது.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். வாரத்தில் நான் வாய் நிறையப் பேசுவது செவ்வாய் 3.40-க்கு மட்டும்தான். விடுதிப் பக்கத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டால் அவர் கீழே இறங்கி வரக் காரணம் இருக்காது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

3.40. சீட்டு: வண்டி நிறுத்தும் வரி மறுபடி கீழே.

"ஏனுங்க சார், போன வாரந்தானுங்களே மேல போட்டோம்?"

"ஆளுக்கொன்னு சொல்லுதானுவ மேடம். நா என்ன செய்ய."

சொல்லிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவரவரே மாற்றலாம், திங்கள்கிழமை பயிற்சி. "அச்சா," என்றார். சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "நல்லதுதான். உங்களுக்கும் வேல குறையும்." டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 13, வியாழன்

இருமல். மாஸ்க் தீர்ந்துவிட்டது.

முப்பத்தொன்பது முடிந்தது. பாக்கி விடுதி. எனக்கொரு கெட்ட பழக்கம், பழைய வரியை அழிக்காமல், திரையில் தெரியாதபடி கோப்பிலேயே மறைத்து, அருகில் தேதி போட்டு வைப்பது. பிரிப்பதற்கு முன் அதையெல்லாம் ஒழிக்க உட்கார்ந்தேன். வண்டி நிறுத்தும் வரி மேலே. அடுத்த செவ்வாய் கீழே. மறு செவ்வாய் மேலே. நடுவில் கேன்டீன் நேரம் மாறியது மூன்றே முறை. பிப்ரவரியிலிருந்து இப்படித்தான். நான்தான் டைப் அடித்திருக்கிறேன், பேச்சு சுவாரசியத்தில் ஒன்றும் கவனிக்கவில்லை.

அந்த மனிதர் திருத்தத்துக்காக வரவே இல்லை.

விடுதிப் பக்கம் சிக்கலானது, பிரிக்க முடியாது என்று டைரக்டரிடம் சொன்னால் நம்புவார். வாய் வரை வந்தது. ஆனால் பதினோரு வருடத்தில் பொய் ரிப்போர்ட் கொடுத்ததில்லை. பிரித்துவிட்டேன். நாற்பதும் ஆயிற்று.

நவம்பர் 17, திங்கள்

பயிற்சி. பதினாலு பேர். யார் எப்போது எதை மாற்றினாலும் என் திரையில் பதிவு விழும் என்று காட்டினேன். புரோகிராமைத் தொடாமல் வாசகத்தை மட்டும் மாற்றுவது நிறையப் பேருக்குப் பிடிபடவில்லை. சண்முகவேல் சார் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தார். பிடிபடாமல் போகட்டும் என்று நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

"இனிமே உங்களப் படுத்த வேண்டாம் மேடம்."

"ஆமாங்க சார்" என்றேன். பைத்தியம்.

நவம்பர் 18, செவ்வாய்

வெயில் கொஞ்சம். சிப்ஸை டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன்.

3.40. எதிர் நாற்காலி காலி. கதவுப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

3.46. பதிவு விழுந்தது. விடுதிப் பக்கம், வண்டி நிறுத்தும் வரி மேலே.

3.52. கீழே.

4.01. மேலே.

அவர் அனுமதியை எடுத்துவிட எனக்கு ஒரு சொடுக்கு போதும். ஒவ்வொரு வரிக்கும் அவர் மறுபடி கீழே இறங்கி வர வேண்டியிருக்கும். செய்யவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். லிஃப்ட் வரவில்லை. மூன்று மாடி ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்ன மேடம், எதும் தப்பா செஞ்சிட்டேனா?"

"அந்த வண்டி நிறுத்துற வரி மேலயா கீழயான்னு ஒரு முடிவு சொல்லுங்க சார். கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார்.

"உக்காருங்க. யோசிச்சுச் சொல்லுதேன்."

ஆறு மணி வரை முடிவாகவில்லை.