கிடங்குக்குப் போன நாற்காலிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? அம்மாவும் நலம்தானே? நானும் நலம்தான், கோபம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நான் தலைமை மருத்துவராகி நான்கு மாதம் ஆகிறது. கையில் காசில்லாதவர்களுக்கு இந்த ஊரில் இதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. திங்கட்கிழமை மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு எங்கள் நிர்வாகி செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? வராந்தாவில் இருந்த நாற்காலிகளை எல்லாம் அள்ளிக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார்.

"நாற்காலி இருந்தாத்தானே டாக்டர் கூட்டம் சேரும்?" என்கிறார்!

மூச்சு வாங்கியபடி ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரிகளுக்காகத் துடைத்து வைத்திருந்த கூட்ட அறையைத் திறந்து, நிற்க முடியாதவர்களை எல்லாம் அந்த மெத்தை நாற்காலிகளில் உட்கார வைத்தேன். வந்த அதிகாரிகள் வராந்தாவில் நின்றபடியே என் அறிக்கையைக் கேட்டார்கள். பத்தே நிமிடத்தில் ஒருவர், "எவ்வளவு நேரம்மா நிக்கிறது?" என்றார்.

"அவங்க காலையிலேருந்து நின்னாங்க சார்" என்றேன்.

மறுநாளே நாற்காலிகள் வராந்தாவுக்குத் திரும்பிவிட்டன. என் அறையில் இருந்த நாற்காலியைத்தான் காணோம். நிர்வாகியைக் கேட்டால் "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்கிறார். நீங்கள் கவலைப்படாதீர்கள். அம்மாவிடம் சொல்லி அந்தக் கால்வலித் தைலம் இரண்டு பாட்டில் அனுப்புங்கள். தேய்த்துவிட ஆளில்லை, நானே தேய்த்துக்கொள்வேன்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

நின்றுகொண்டே எழுதும்,
உங்கள் மகள்