பாஸ்போர்ட்டில் ஏறிய கார்

நெரிமான்,

நலமா என்று கேட்டால் நீ பதில் எழுதமாட்டாய். அதனால் கேட்கவில்லை.

நீ வழியனுப்ப வராத அன்று கொலோனிலிருந்து நான் ஓட்டி வந்த கார், இங்கே துருக்கியில், ஓர்து ஊரின் சுங்கக் கிடங்கில் நிற்கிறது. ஜெர்மன் நம்பர் பலகை வைத்த காரில் மணப்பெண் வந்தால் தெருவே திரும்பிப் பார்க்குமாம். "சித்தப்பா, கல்யாணப் பொண்ண அழைச்சிட்டு வந்துடறேன், சாவியக் குடுங்க" என்று அண்ணன் மகன் துர்குத் கெஞ்சினான். கொடுத்தேன். வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்தவன் மட்டுந்தான் ஓட்டலாம் என்பது இருவருக்குமே தெரியும். போலீஸ் மறித்தது. மணப்பெண் இறங்கி மீதித் தூரம் மினிபஸ்ஸில் போனாள்.

கார் என் பாஸ்போர்ட்டில் ஏறியிருக்கிறது. காரைக் கூடவே கொண்டுபோகாமல் நான் எல்லை தாண்ட முடியாது. பழைய வண்டி என்பதால் இங்கே பதிவும் செய்யமாட்டார்களாம். "நெரிமான் எப்பத்தான் வருவா?" என்று அண்ணி நச்சரிக்கிறாள். முதலில் கார் வெளியே வரட்டும் என்கிறேன்.

நேற்று சுங்க அதிகாரி எனக்குத் தேநீர் வரவழைத்தார். "பெரியவரே, இந்த ஓட்டை வண்டிய அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்துருங்க. பாஸ்போர்ட்ல முத்திர குத்தி விட்டுடறேன். நாளைக்கே சம்சாரத்துகிட்டப் போயிரலாம்."

"என் வண்டிய நான் ஏன்யா குடுக்கணும்?" என்று கத்திவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

அந்த வண்டி எனக்கு எதற்கு, நெரிமான்? கொலோனில் இறங்கி எந்தக் கதவைத் தட்டுவது என்று அவரிடமா கேட்க முடியும்?

'வா' என்று மட்டும் எழுது. சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். நீ எழுதும்வரை, கார்தான் என்னை விடவில்லை என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இன்னும் உன் கணவன்