அண்ணி அழுத பக்கம்

மார்ச் 3
புத்தகம் வந்துவிட்டது. கலவர ஊரடங்கு நாட்களின் வரலாற்றைச் சாதாரண மனிதர்களே சொல்லும் நூல் என்று பின்னட்டையில் இருக்கிறது. பின்னட்டையை எழுதியவனும் நான்தான். முதல் பிரதி அண்ணிக்கு. மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கியவர், "உங்க அண்ணன் எந்தப் பக்கத்துல வர்றாரு?" என்று கேட்டார். படித்துப் பாருங்கள் என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

மார்ச் 4
ஏன் மழுப்பினேன்? எனக்கா தெரியாது.

மார்ச் 7
இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். பதிவுக் கருவி முன்னால் அண்ணி சொன்னது இதுதான்: அண்ணனுக்கு அச்சகத்தில் எப்போதும் இரவு வேலை, தனக்குப் பகல் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்தாற்போல் விழித்திருந்ததே அபூர்வம். ஊரடங்குதான் இருவரையும் ஒரே அறையில் அடைத்தது. பழைய காலண்டர் தாளை வெட்டிச் சீட்டுக்கட்டு செய்திருக்கிறார்கள். அண்ணன் ஏமாற்றி ஆடுவார், கையும் களவுமாகப் பிடிபடுவார். வாசலில் சிப்பாய்கள். சத்தம் போகாமல் இருக்க, ஒரே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

"ஊரே பயந்து கெடந்துச்சு, நான் சந்தோஷமா இருந்தேன். சொல்லவே கூச்சமா இருக்கு. ஆனா இத எழுது தம்பி. அவரப் பத்தி வேற யாரு எழுதப் போறா?"

அடுத்த வருஷமே அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது நான் விடுதியில் இருந்தேன், அவர் சம்பளத்தில் படித்துக்கொண்டு.

நான் எழுதினேனே! அண்ணன் அச்சகத்தில் மாட்டிக்கொண்டார் என்று எழுதினேன். அண்ணியைத் தனியாக உட்காரவைத்தேன். தலையணையை மட்டும் விட்டுவைத்து, அதில் அழவைத்தேன். ஊர் எரியும்போது சிரிப்பை எழுதினால் எவன் மதிப்பான் என்று நினைத்தேன். கூடப் பிறந்தவனை அவன் வீட்டிலிருந்தே விரட்டியிருக்கிறேன். தூ.

மார்ச் 12
மதிப்புரை வந்திருக்கிறது. ஊரடங்கின் துயரத்தைச் சொல்ல அந்தத் தலையணை ஒன்றே போதுமாம். மூன்று தடவை படித்தேன். வெட்கம் கெட்டவன்.

மார்ச் 15
அண்ணி போன் செய்தார். "என் பேச்சு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு தம்பி, அவர இன்னும் காணோமே. பின்னாடி வருவாரா?"
வருவார் என்று சொல்லிவிட்டேன். என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 20
நூலகத்தில் கூட்டம். ஒரு பெண் அந்தப் பக்கத்தை வாசித்தாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா அண்ணியின் கையைப் பிடித்து, "தனியா ரொம்பத் தவிச்சிருப்பீங்க" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். அவர் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். "ஆமாங்க" என்றார், என் மானம் போகக்கூடாது என்று.

பேருந்திலிருந்து இறங்கும்போதுதான் சொன்னார். "அழுதேன்னு எழுதுனதுகூடப் பரவாயில்ல தம்பி. அவர வீட்ல இல்லாம பண்ணிட்டியே."

மார்ச் 21
அந்தப் பதிவைத் தேடினேன். அதன் மேலேயே வேறொருவர் பேட்டியைப் பதிந்திருக்கிறேன்.

ஏப்ரல் 9
போனேன். அண்ணியிடம், இன்னொரு தடவை சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் அப்படியே போடுகிறேன் என்று கெஞ்சினேன். "வேலைக்கு நேரமாச்சு" என்றார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை.

ஜூன் 18
ஊரடங்கு பற்றி ஆராயும் மாணவி ஒருத்தி அண்ணியிடம் பேச வேண்டும் என்றாள். புத்தகத்தில் உள்ளது பொய், அவர்கள் சிரித்தார்கள், அதைக் கேள் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டிப்போனேன். நான் சொல்வதைவிட அண்ணி வாயால் வரட்டும் என்று நினைத்தேன்.

அவளும் கேட்டாள். "அந்த நாள்ல உங்க வீட்டுக்காரரும் கூட இருந்தாராமே, சிரிச்சுட்டு இருந்தீங்கன்னு சார் சொல்றாரே?"

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "அவரு கதை எழுதுறவரும்மா, எதையாவது சொல்லுவாரு" என்றார். "நான் தனியாத்தான் இருந்தேன். தலையணையில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு அழுதேன். எழுதிக்க."

மாணவி எழுதிக்கொண்டாள்.