நான் வாசலில் நிற்கவில்லை, சிஸ்டர்

சிஸ்டர்,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டரில் புது ரப்பர் மாஸ்க் ஒன்றின் உறையைப் பிரித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஓமானில் நாம் வேலை பார்த்த சலாலா நினைவுக்கு வந்துவிட்டது. கூடவே நீங்களும்.

அன்று, வெளியே தூறல் ஓயாத ஓர் ஆகஸ்ட் முற்பகல். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து சர்ஜன் போய்விட்டார். அரியலூர்ப் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மயக்கம் தெளியாமல் மேசையில் கிடந்தார். மயக்க மருந்து டாக்டரான நான், அவர் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த போனில் பேசக் கிளம்பினேன்.

"இன்னும் முழிக்கல டாக்டர். நீங்க நிக்கணும்லா?" என்றீர்கள், உங்கள் நாகர்கோவில் பேச்சில்.

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர்."

அவருக்குத் தொண்டை இறுகி மூச்சு அடைத்துப்போனது. இரண்டு முறை என்னைக் கூப்பிட்டீர்கள். படிக்கட்டில் நின்ற எனக்குக் கேட்டது. "இதோ" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். நான் வருவதற்குள் நீங்களே மருந்து ஏற்றி, குழாயைத் திரும்பப் போட்டிருந்தீர்கள். அவர் நெஞ்சு ஏறி இறங்கியது.

மருந்துப் புத்தகத்தில், கொடுத்தவர் என்ற இடத்தில் மறைக்காமல் உங்கள் பெயரையே எழுதினீர்கள். விசாரணை வந்தது. மயக்க மருந்து நர்ஸின் வேலை என்னவென்று ஆஸ்பத்திரித் தாளில் ஒரே வரிதான் இருந்தது: டாக்டருக்கு உதவுவது. யார் சொல்லி மருந்து கொடுத்தீர்கள் என்று உங்களைக் கேட்டவர்கள், என் பக்கம் திரும்பினார்கள். தியேட்டர் வாசலில்தான் நின்றேன் என்றும், நீங்கள் கூப்பிடவேயில்லை என்றும் சொன்னேன்.

வெளியே வந்ததும், "ரெண்டு தடவ கூப்பிட்டேன் டாக்டர். ஒங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னீர்கள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரே வாரத்தில் உங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுவருஷம் அந்த வேலைக்கு விதிமுறை எழுத என்னையே கேட்டார்கள். நோயாளி விழிக்கும்வரை டாக்டர் நகரக் கூடாது. மூச்சு நின்றால் நர்ஸ் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் சொன்னதையும் செய்ததையும்தான் எழுதினேன். அன்றைக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த லீவில் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு லீவாகத் தள்ளிப்போட்டேன். கடைசியில் நீங்கள் இறந்த செய்திதான் வந்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் விமானம் ஏறிய மறுநாள், அந்தத் தொழிலாளி தையல் பிரிக்க வந்திருந்தார்.

"எம் உசுரக் காப்பாத்துனது யாரு சார்? பேரச் சொன்னீங்கன்னா வூட்ல சொல்லுவேன்" என்றார்.

"நான்தான்" என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெயரைக் கேட்டு, மறக்காமல் இருக்க இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

அரியலூர்ப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் இன்னும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், சிஸ்டர்.