இருநூற்றுப் பத்து நாள்

லிங்கநகர்,
திருகோணமலை.
9.3.2008

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டது. எனக்கு நித்திரைதான் குறைவு, மற்றபடி சுகம். அங்கே உங்கள் சுகத்தைக் கோணேசர் பார்த்துக்கொள்ளட்டும். தொலைபேசியில் கதைக்க ஏலாத விஷயம் என்பதால், புதன்கிழமை டோஹாவுக்குத் திரும்பும் அபூதாஹிரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

போன முறை கதைத்தபோதும் உங்கள் கொம்பியூட்டர்ப் பெட்டி எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்டீர்கள். என்னைவிட அதற்குத்தான் உங்களிடம் செல்லம். பழைய கொம்பியூட்டர் ஒன்றில் லினக்ஸைப் போட்டு, நம் ஒரே இணைய லைனைத் தங்கரத்தினம் அக்கா வீட்டுக்கும் ஜெமீல் மாஸ்டர் வீட்டுக்கும் மதிலுக்கு மேலால் வயர் இழுத்துப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். கரண்ட் போனாலும் அணையாமலிருக்க லொறி பற்றரி வேறு. நீங்கள் கொப்பியில் எழுதித் தந்த கட்டளையைத் தட்டி நாட்கணக்கைப் பார்ப்பதுதான் மனைவியாக எனக்கு நீங்கள் விட்டுப்போன வேலை.

வியாழக்கிழமை பின்னேரம் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். கையில் ஒரு தாள். அதில் உங்கள் பெயர், லைன் உங்கள் பெயரில்தானே. நம் லைனிலிருந்து, காணாமல் போனவர்களைப் பற்றி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு யாரோ எழுதியிருக்கிறார்களாம். நீங்கள் ஓகஸ்டிலிருந்து டோஹாவில் இருப்பதைச் சொல்லி, அவர் எப்படி இங்கிருந்து எழுதுவார் என்று கேட்டேன். அதை அவர் வந்து சொல்லட்டும் என்றார்கள். எப்போது வருகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளப் பார்த்தார்கள். தெரியாது என்றேன். திங்கட்கிழமை விஷயம் தெரிந்த ஆளோடு வந்து பெட்டியைப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார்கள்.

மூன்று வீட்டிலிருந்தும் எது போனாலும் வெளியே நம் லைனின் ஒரே இலக்கமாகத்தான் தெரியும் என்று நீங்கள் பெருமையாகச் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. இப்போது நன்றாக விளங்குகிறது.

ஜீப் போனதும் தங்கரத்தினம் அக்கா குசினிப் பக்கத்தால் வந்து, நான்தான் எழுதினனான் பூரணி, பேர் போடாட்டி ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சன் என்று அழுதார். அவருடைய மகனை ரோட்டில் வைத்துக் கொண்டுபோய்ப் பதினொரு மாதம் ஆகிறது. யாரிடமெல்லாம் கேட்டுக் களைத்துப்போய்க் கடைசியில் நம் லைனில் கேட்டிருக்கிறார். நானே போய்ச் சொல்லுறன், உன்ர மனுசன் வீட்டை வரவேணும் என்று எழும்பினார். போக விடவில்லை. அவர் போனால் மகள் யோகமலர் தனியே நிற்பாள். பத்தொன்பது வயதுக் குமர்ப்பிள்ளை.

ஆனால் எந்த வீடு, எத்தனை மணிக்கு, எங்கே போனது என்று எல்லாவற்றையும் பெட்டி எழுதி வைத்திருக்கிறதே. அதைக் காட்டியிருந்தால் உங்கள் பெயர் சுத்தமாகியிருக்கும், சித்திரை வருடப்பிறப்புக்கு நீங்கள் வந்திருக்கலாம். இரண்டு நாள் யோசித்தேன் அத்தான், பொய் சொல்ல மாட்டேன். அக்காவின் மேல் ஆத்திரமும் வந்தது.

நேற்றுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். தொடக்கூடாது என்று சிவப்பு மையால் எழுதியிருந்தீர்களே, அந்தக் கட்டளை. தொட்டேன். பெட்டி எழுதி வைத்திருந்ததெல்லாம் அழிந்தது. பிறகு பற்றரி வயரையும் இழுத்துப் பெட்டியை நிறுத்திவிட்டேன். பற்றரி செத்து எல்லாம் போய்விட்டது என்று நாளைக்குச் சொல்வேன். அக்கா வீட்டு வயரைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

இனி அந்தத் தாளில் உங்கள் பெயர்தான் நிற்கும். கட்டுநாயக்காவில் பிளேனை விட்டு இறங்கினால் உங்களைத்தான் நிறுத்துவார்கள். ரிக்கற்றைத் திருப்பிக் கொடுங்கள். கோபம் வந்தால் என்மேல் வையுங்கள், அந்த மனுசியின் மேல் வேண்டாம். பிள்ளை கலண்டரில் நீங்கள் வரும் நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

நீங்கள் கேட்கும் கணக்கையும் எழுதிவிடுகிறேன். நேற்று நிறுத்தும்போது இருநூற்றுப் பத்து நாள். நீங்கள் போன அன்றிலிருந்து ஒரு நாளும் நிற்கவில்லை. உங்களுக்காக இல்லை, எனக்காகத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள்கூட ஆகவில்லை என்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நான் எழுதும்வரைக்கும் வராதீர்கள். என் ராசா, வராதீர்கள்.

நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
உங்கள் பூரணி