மூடு என்று எழுதியிருக்கலாம்

அன்பு மகள் ரேகாவுக்கு அம்மா எழுதுவது. திருவொற்றியூரில் வெயிலும் லாரிப் புகையும் போக நாங்கள் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் உன் தம்பி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

பஸ் ஸ்டாப் ஒயின்ஷாப் வேண்டாமென்று நம் குப்பத்தில் போன மாதம் வாக்கெடுத்தோம். மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டியைக் கழுவி வைத்து அதில் சீட்டுப் போட்டார்கள். முதல் சீட்டு உன் தம்பி பாஸ்கருடையது. அவன் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது, அந்தக் கடை கண்ணில் படக்கூடாதென்று தினமும் கடலோரமாகச் சுற்றித்தான் மீன்பிடி போட்டு வேலைக்குப் போய்வந்தான். நானூற்றுப் பன்னிரண்டு சீட்டில் ஒன்பதுதான் எதிர்ச்சீட்டு. தீர்மானத்தை டீச்சரே எழுதட்டும் என்றார்கள். நானும் அழகான கையெழுத்தில், கடையை இவ்விடத்திலிருந்து அகற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அகற்றிவிட்டார்கள், ரேகா. கடலோரச் சாலைக்கு, நம் தெருமுனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். போய்க் கேட்டால் அதிகாரி என் தீர்மானத்தையே எடுத்துக் காட்டி, நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம் என்கிறார். புதிதாக மனு கொடுத்தால் பார்க்கலாமாம். ஒருமுறை வகுப்பில் உடைந்த பெஞ்சை அகற்றுங்கள் என்றேன், பிள்ளைகள் அதைத் தூக்கிப்போய் அடுத்த வகுப்பில் போட்டுவிட்டு வந்தார்கள். அன்று சிரித்தேனே தவிர பாடம் படிக்கவில்லை.

மீன் விற்கும் பச்சையம்மா தெருவில் வைத்தே கேட்டுவிட்டாள், "மூடுன்னா ரெண்டே எழுத்து டீச்சரம்மா. அத்த எழுதத் தெரியல, இன்னாத்துக்கு இம்மாம் படிப்பு?" என்று.

பாஸ்கர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. போட்டு கரைக்கு வரும் நேரமும் கடை திறக்கும் நேரமும் ஒன்று, சுற்றிப் போக வேறு வழியும் இல்லை. நாலு நாளாகக் கடலுக்கே போகவில்லை. நேற்று பகல் பன்னிரண்டு அடிக்கும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "கடைய மூட முடில. நம்ம கதவையாவது மூடும்மா" என்றான். மூடினேன். இன்றும் மூடிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எத்தனை நாளைக்கு மூடி வைப்பது என்று தெரியவில்லை.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து, குறையில்லாமல் வாழ வேண்டும். தினமும் இங்கே பன்னிரண்டு ஆகும்போது, உனக்கு அப்போது பத்தரை, தம்பிக்கு போன் செய், மறக்காதே. கடையைப் பற்றிக் கேட்காதே. வேறு எதையாவது பேசு, கொஞ்சம் நீளமாகப் பேசு.

உன் அம்மா,
கார்குழலி