ஏடு படியட்டும், பிறகு வா

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். அடுத்த வரியில் இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை பாதி அப்படியே என்றுதான் எழுத வருகிறது. உடனே பதறாதே, வீட்டில் யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பெரிய துரை மாதிரி உலாத்துகிறார். என் முழங்கால் வலி வழக்கம்போல. விஷயம் அது இல்லை. அடுத்த மாதம் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரக் கூடாது, டிக்கெட்டை மாற்றிவிடு. தண்ணீர்க் குழாயை மாற்றுகிறார்கள், அதனால் தள்ளி வா என்று உன் தம்பி போனில் சொன்னானே, அது பொய். உண்மையைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை, நீயே எழுதிவிடும்மா என்று என் தலையில் கட்டிவிட்டான். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அழுவேன், பக்கத்தில் அவன் நிற்பான். அதனால்தான் கடிதம்.

அப்பா வேலை பார்க்கும் தண்ணீர்த் தொட்டிகள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆற்றுத் தண்ணீர் வந்து விழும் மூன்று திறந்த தொட்டிகள், உள்ளே முக்கால் ஆள் ஆழத்துக்கு மணல். கலங்கல் தண்ணீர் மெதுவாக மணலுக்குள் இறங்கி அடியில் தெளிந்து வருகிறது, கொஞ்சம் குளோரினைக் கலந்து அதைத்தான் ஊருக்கு விடுகிறார்கள். மணலின் மேல் பழுப்பும் பச்சையுமாக, வழவழவென்று, பால் மேல் படிகிற மாதிரி ஒன்று படிந்திருக்கும். அங்கே எல்லோரும் அதை ஏடு என்றே சொல்வார்கள். அது தடித்துப்போய்த் தண்ணீர் இறங்காமல் நின்றால், ஒரு தொட்டியை மட்டும் வடித்து, மேலாக வழித்துவிட்டு, மறுபடி ஏடு படியும்வரை அந்தத் தொட்டித் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவார்கள். மற்ற இரண்டையும் தொட மாட்டார்கள். இதெல்லாம் இப்போது படித்த பாடம். இத்தனை வருஷம் அப்பாவோடு குடித்தனம் நடத்தியும் எனக்கு இருந்த ஒரே அபிப்பிராயம், இவ்வளவு பாசியை வைத்துக்கொண்டு ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்களே, கர்மம் என்பதுதான்.

ஆபரேஷன் ஆனதும் தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே அங்கே தினக்கூலியாக இருந்த உன் தம்பியையே அப்பா இடத்தில் நிற்கச் சொன்னார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதே வாரம்தான் நீ குழந்தையோடு வருவதாகச் சொன்னாய். அக்கா பிள்ளை வந்து குடிக்கப்போகிற தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான். ஒன்றல்ல, மூன்று தொட்டியையும் அடுத்தடுத்து வடித்தான். ஏட்டை மட்டுமல்ல, அதற்குக் கீழே இருந்த மணலையும் சேர்த்து வழித்து, மீதி மணலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி ஊறவைத்து அலசி, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கரையில் பூச்சி பொறுக்க வரும் குருவிகள் எச்சமிடுகின்றன என்று வலையும் கட்டிவிட்டான். ஊருக்குத் தண்ணீர் தட்டக் கூடாது என்று, மறுபடி ஏடு படியும்வரை காத்திருக்காமல் அப்படியே திறந்தும் விட்டான். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போன நான் பார்த்தேன். மணல் சர்க்கரை மாதிரி இருந்தது. இப்பத்தான்டா மனுசங்க குடிக்கிற தண்ணி மாதிரி இருக்கு என்று நெட்டி முறித்துவிட்டு வந்தேன். சுத்தம் சோறு போடும் என்று உங்கள் இருவருக்கும் சோற்றோடு ஊட்டி வளர்த்தவள் நான், வேறு என்ன சொல்வேன். உனக்கும் போட்டோ அனுப்பினான், நீயும் என் தங்கத் தம்பி என்று பதில் போட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, வீட்டில் எல்லோரும் கை தட்டினோம் என்கிறேன். கண் தெரியாமல் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் தினமும் தொட்டி எப்படிடா இருக்கு என்று கேட்பார், ஜம்முனு இருக்குப்பா என்பான் இவன்.

பிறகு மழை பிடித்தது. ஆறு செம்மண்ணாக ஓடியது. முதலில் கீழ்த் தெருவில் நாலைந்து பேருக்கு வாந்தியும் பேதியும் என்றார்கள், அப்புறம் பள்ளிக்கூடத்தில், அப்புறம் நம் தெருவில். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பேச்சு. மேலே இருக்கும் சாயப்பட்டறைதான் காரணம் என்று சிலர் அங்கே போய்க் கல்லெறிந்துவிட்டு வந்தார்கள். அடுத்த வீட்டு லாரிக்காரரின் சின்னப் பெண், நீ கல்யாணமாகிப் போனபோது தொட்டிலில் கிடந்தாளே, இப்போது வாலு என்று கூப்பிடுகிறோம், உன் தம்பியை மாமா மாமா என்று சுற்றிக்கொண்டு பகல் முழுக்க நம் முற்றத்தில்தான் விளையாடுவாள், தாகம் எடுத்தால் நம் குழாயில் வாயை வைத்துக் குடிப்பாள். அவளுக்கும் வந்துவிட்டது. ஊசிபோட நரம்பு கிடைக்கவில்லையாம், அவ்வளவு வற்றிவிட்டது உடம்பு.

இன்ஜினியர் அம்மா வந்தார். நல்ல மாதிரி, வேலை தெரிந்தவர். தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று உன் தம்பியைத்தான் கேட்டிருக்கிறார். சொன்னபடி செய்யவில்லையே, மேலிடத்தைக் கேட்காமல் மூன்றையும் திறந்தோமே என்ற பயத்தில், ஒரு தொட்டியை மட்டும் வழக்கம்போல வழித்தேன், மற்றதைத் தொடவில்லை என்று சொல்லிவிட்டான். கலங்கல் தண்ணீரில் மணல் எங்கே கண்ணுக்குத் தெரியும். அப்படியானால் ஏடு அளவுக்கு மீறித் தடித்து அழுகியிருக்க வேண்டும், நாளைக் காலை மூன்றையும் வடித்து வழித்து மருந்து போட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். அவர் மேல் என்ன தப்பு, சொன்னதை வைத்துத்தானே கணக்குப் போடுவார்.

மத்தியானம் சாப்பிடும்போது இவன் இதைச் சொன்னான். அப்பா கை தட்டிலேயே நின்றுவிட்டது. மணல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டார். வெள்ளை என்றான். எல்லாத் தொட்டியிலுமா என்றார். இவன் தட்டைத் தள்ளிவைத்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "அழுக்குன்னு நெனச்சு உயிரை வழிச்சுட்டியேடா" என்றார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. நான்தான் குறுக்கே விழுந்து, பாசியை எடுத்ததற்கு இந்தப் பாடா, பாசி எப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று சண்டைக்குப் போனேன். அந்த ஏட்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர் இருக்கு, ஆத்தோட வர்ற நோய்க்கிருமியைத் தின்னுட்டுத்தான் அதுங்க பிழைக்குது, மணல் வெறும் வீடு, வேலை பாக்குறது அதுங்கதான் என்றார். எனக்கு ஏறவில்லை. உன் வயித்துக்குள்ளயும் அந்த மாதிரி இருக்குடி, அதுங்க இல்லாட்டி நீ தின்ன சோறு செரிக்காது, அதையும் பிளீச்சிங் போட்டுக் கழுவுவியா என்று கேட்டார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். மெல்ல மெல்ல இப்போதுதான் கொஞ்சம் ஏடு கட்ட ஆரம்பித்திருக்கும், நாளைக்கு மறுபடி வழித்து மருந்து போட்டால் இந்த மழைக்காலம் முழுக்க ஊர் நோயைத்தான் குடிக்கும், இப்பவே போய் உண்மையைச் சொல்லு என்றார் அவனிடம்.

நான் விடவில்லை. சாயப்பட்டறையில் கல்லெறிந்தவர்கள் இவனை விடுவார்களா. வேலை போகும், போலீஸ் வரும், அடிபட்டுச் செத்தால் யார் பிள்ளை தருவார்கள். வாயை மூடிக்கொண்டு இரு, ஊருக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எனக்கு நீ ஒருத்தன்தான் என்று சொன்னேன், அவன் செருப்பை எடுத்து ஒளித்துவைத்தேன். ஆமாம், சொன்னேன். நீயும் இப்போது ஒரு தாய், வேண்டுமானால் திட்டிக்கொள். அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து நம் வாசலில் நின்றாள். மாற்றுத் துணி எல்லாம் நனைந்துவிட்டது, பழைய துணி இருந்தால் கொடுங்கக்கா, பிள்ளைக்குக் கண் சொருகுது, மாமா எங்கே மாமா எங்கே என்று பிதற்றுது, உங்க பையனை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்லுங்க என்றாள். இவன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான். நான் உன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தேன்.

விடிந்ததும் வெறுங்காலோடு போய்விட்டான். நானும் அப்பாவும் பின்னாலேயே போனோம், அவருக்குப் பாதை தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தொட்டி வாசலில் குடத்தோடு பாதி ஊர் நின்றது, லாரிக்காரரும் நின்றார். மடையைத் திறக்க ஆட்கள் சக்கரத்தில் கை வைத்துவிட்டார்கள். இவன் போய் அந்தச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெறக்காதீங்க, மூணையும் நான்தான் கழுவினேன், ஏடே இல்ல, இன்ஜினியர் அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன் என்றான். இன்ஜினியர் அம்மா ஒரு நொடிதான் பார்த்தார், உடனே ஆட்களை நிறுத்தினார். கூட்டம் நிற்குமா. சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், முதுகில் விழுந்தது, உதடு கிழிந்தது. நான் நடுவில் பாய்ந்ததில் என் வளையல் உடைந்து என் கையிலேயே குத்தியது. லாரிக்காரர் மட்டும் அடிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்து ஊரிலும் இதே மாதிரி தொட்டிகள் உண்டு. இன்ஜினியர் அம்மா அவர்களிடம் போனில் பேசினார். அன்றைக்குத்தான் அவர்கள் ஒரு தொட்டியை வழிக்கிறார்களாம், அந்த ஏட்டு மணலைக் கொண்டுவந்து நம் தொட்டியில் தூவினால் சீக்கிரம் பிடிக்கும், பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஆனால் ஈரம் காயாமல் வர வேண்டும், காய்ந்தால் அதில் இருக்கிறவை செத்துவிடும். நகராட்சி வண்டி பழுதாகிக் கிடந்தது. லாரிக்காரர் சாவியை எடுத்தார். ஏறு என்று இவனிடம் ஒரு சொல். ஐயோ, வழியில் என் பிள்ளையை என்ன செய்வாரோ என்று நான் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் ஓடினேன். அப்பாதான் பிடித்து நிறுத்தினார்.

திரும்பி வந்தபிறகு இவன் சொன்னது இது. வரும்போது இவன் பின்னால் மணல் மேலேயே உட்கார்ந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்திருக்கிறான். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்திருக்கிறது. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. நடுவழியில் லாரி நின்றது, அவர் இறங்கிப் பின்னால் வந்தார். இவன் அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டானாம். அவர் தான் குடிக்க வைத்திருந்த கேனைக் கொண்டுவந்து சாக்கின் மேல் முழுக்கக் கவிழ்த்திருக்கிறார். "காய விட்டுடாத. எம்புள்ள வீட்டுக்கு வந்து இதைத்தான் குடிக்கணும்" என்றாராம். அவ்வளவுதான், ஏறி ஓட்டினார்.

வாலு பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள், குச்சி மாதிரி இருக்கிறாள். ஊரிலும் புதிதாக யாருக்கும் இல்லை, வெளியூர் லாரித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். தொட்டித் தண்ணீர் இன்னும் சாக்கடைக்குத்தான் போகிறது, சோதனையில் தேறும்வரை விட மாட்டேன் என்கிறார் இன்ஜினியர் அம்மா. அப்பா கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குப் போகிறார், ஓரத்தில் லேசாகப் பழுப்புக் கட்டுகிறது, வலையை அவிழ்த்ததும் குருவிகள் வந்துவிட்டன என்று நேற்று சின்னப் பிள்ளை மாதிரி வந்து சொன்னார். முழுக்கப் படியுமா, அதற்குள் மறுபடி வெள்ளம் வந்து கெடுக்குமா என்று தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உன் தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்திருக்கிறார்கள். லாரிக்காரர் வழியில் பார்த்தால் தலையசைக்கிறார். அவர் மனைவி என்னோடு பேசுவதில்லை, உன் புடவைத் துணியைத் துவைத்து மடித்து நம் வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கோபம் நியாயம்தான், எனக்கு அது வலிக்கிறது, அதுவும் நியாயம்தான்.

நீயும் அங்கே குழந்தை தொடுகிற தரை, பொம்மை, கதவு எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். என்னிடம் கற்ற பாடம்தானே. குடிதண்ணீரைக் கொதிக்க வை, கையைக் கழுவு, மற்றபடி அவன் கொஞ்சம் மண்ணில் புரளட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்காதே. தம்பிக்கு ஒரு போன் போடு, திட்டு, ஆனால் போடு.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஆயுசு நூறும் நன்றாக இருக்க வேண்டும். சோதனை தேறியதும் சொல்கிறேன், முதல் வண்டியிலேயே வா. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இப்போதெல்லாம் வாலு முற்றத்துக்கு வந்தாலே உன் தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறான், பிள்ளைகளைத் தொடவே பயப்படுகிறான். நீ வரும் அன்று வாசலில் நான்தான் முந்திக்கொண்டு கை நீட்டுவேன், பேரனை இன்னும் தூக்காதவள், என்னால் சும்மா இருக்க முடியாது. நீ என்னைப் பார்க்காதே. நேராக உள்ளே போய்க் குழந்தையை அவன் கையில் கொடு. வேண்டாம் என்று பின்வாங்குவான். கொடு.

இப்படிக்கு,
உன் அம்மா